ஐந்து ஸ்பீக்கரில் ஒரு ஆமை

அந்தப் படத்தில் ஆமைக்குக் குரல் கொடுத்தது நான்தான். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

என் மருமகள் பெங்காலிப் பெண். கார்ட்டூன் படம் எடுப்பது அவள் தொழில். மகனும் அவளும் பெங்களூரில் இருக்கிறார்கள். போன கோடையில் கல்கத்தா பெஹாலாவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, நான் பால்கனியில் நின்று காய்கறி வண்டிக்காரனோடு சண்டை போட்டதை அவள் கேட்டுவிட்டாள். எங்களுக்கு மூன்றாம் மாடி. கயிற்றில் பையைக் கட்டிக் கீழே விடுவேன், அவன் காயைப் போட்டு அனுப்புவான். கத்தரிக்காயில் சொத்தை இருந்தால் பை மறுபடி இறங்கும். நான் மனிதர்கள் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை. கல்யாண வீட்டில் கூட மூலை பார்த்து உட்காருவேன். ஆனால் மூன்றாம் மாடியிலிருந்து பேசும்போது எதிரில் முகம் இல்லையா, எனக்கு வாய் வந்துவிடும். அதுவும் என் பெங்காலி. இத்தனை வருஷம் பேசியும் திருநெல்வேலிப் பக்கத்து நாக்கு மாறவே இல்லை.

மருமகள் ஓடி வந்தாள். "மா, என் ஆமை கிடைச்சுட்டா!" என்றாள். அவள் படத்தில் ஒரு குளம், அதில் எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒரு கிழட்டு ஆமை. ஊர்ப் பாஷை பேசும், ஆனால் வெளியூர்க் குரலில். அதற்குத்தான் நான்.

முடியவே முடியாது என்றேன். அவள் என்னைத் துணி அலமாரிக்குள் உட்கார வைத்தாள். மெய்யாகத்தான். கீழ்த்தட்டைக் காலி பண்ணி, சேலைகள் நடுவில் என்னை நுழைத்து, மேலே ரஜாய் என்கிற கனத்த பஞ்சுப் போர்வையைப் போர்த்தினாள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பக் கூடாதாம். அந்த இருட்டில் நாப்தலின் வாசனைக்கு நடுவில் எனக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. சொன்னதையும் பேசினேன், சொல்லாததையும் பேசினேன். அவள் வெளியே நின்று சிரிப்பை அடக்குவது கேட்டது. ஆனால் பேசியதைப் போட்டுக் காட்டச் சொல்ல எனக்கு வெட்கம். அவளும் படம் முடிந்ததும் கேட்கலாம் என்று சொல்லிவிட்டாள்.

துர்கா பூஜை முடிந்து, லட்சுமி பூஜைக்கு முந்தின நாள், அந்தப் படத்தை எங்கேயோ ஒரு விழாவில் போட்டார்கள். வீட்டு ஆட்கள் பார்ப்பதற்கு என்று ஒரு லிங்க் அனுப்பியிருந்தார்கள். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரே ஒரு காட்சி. அதன் பிறகு மூடிவிடுவார்களாம். மற்ற ஊர் விழாக்களெல்லாம் முடிந்து அது எப்போது மறுபடி கண்ணில் படும் என்று அவளுக்கே தெரியாது.

"போன்ல பாக்கக் கூடாது மா," என்று முதல் நாளே சொன்னாள். "டிவியோட சொந்த ஸ்பீக்கரும் வேண்டாம். அப்பாவோட பெரிய ஸ்பீக்கர்ல கேளுங்க. ஆமை முன்னால இருந்து வரமாட்டா. பின்னால இருந்து வருவா."

அந்த அலமாரி இருட்டில் நான் பேசியது வெளியே எப்படிக் கேட்கிறது, அதை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. நானும் என் வீட்டுக்காரரும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்போம் என்று நினைத்திருந்தேன்.

அன்று காலையில் அவர் டீக்கடைப் பெஞ்சிலிருந்து லிஃப்டில் ஏறி வாக்கரைத் தட்டிக்கொண்டு வந்தார். முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு.

"யாரையோ கூப்பிட்டிருக்கீங்க," என்றேன்.

"கீழ் வீடு, மேல் வீடு, எதிர் வீடு. அவ்வளவுதான்."

"இந்தக் கட்டடமே அவ்வளவுதானே!"

"வாட்ச்மேன விட்டுட்டேன். அவனுக்கும் சொல்லிரட்டுமா?"

"நான் பாட்டுக்கு எங்கயாவது போயிருவேன்."

"எங்க போவ? அலமாரிக்குள்ளயா?"



வேலை மத்தியானம் தொடங்கியது. அவர் ரிட்டயர் ஆனபோது ஆசையாக வாங்கிய ரிசீவர் எங்கள் டிவிக்குக் கீழே இருக்கிறது. அடுக்குப் பாத்திரம் அளவுக்குக் கனமான கறுப்புப் பெட்டி. அதிலிருந்து ஐந்து ஸ்பீக்கர், மூலையில் ஒரு ஊஃபர். அப்போது தட்டுப் போடுகிற பிளேயர் ஒன்று இருந்தது, அது செத்துப் பல வருஷம். இப்போது செட்டாப் பாக்ஸின் சத்தம் மட்டும் சிவப்பும் வெள்ளையுமான பழைய வயரில் அதற்குள் போகிறது. செய்தி வாசிப்பவர் ஐந்து ஸ்பீக்கரிலும் செய்தி வாசிப்பார். அதற்கு மேல் அதனிடம் நாங்கள் ஒன்றும் கேட்டதில்லை.

மகன் விட்டுப்போன லேப்டாப்பை அந்தப் பெட்டி வழியாக டிவியோடு சேர்க்க வேண்டும். வீட்டுக்காரருக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருந்தது, குனியக் கூடாது. ஆக, குனிகிறவள் நான். நான் படித்தது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும். இங்கிலீஷ் எழுத்தை உருவம் பார்த்துக் கண்டுபிடிப்பேன்.

விழா நடக்கும் இடத்துக்குப் புறப்படும் முன் மருமகள் போனில் சொல்லிக் கொடுத்தாள். "ரெண்டு வயர் மா. ஒண்ணு கம்ப்யூட்டர்ல இருந்து ரிசீவருக்கு. இன்னொண்ணு ரிசீவர்ல இருந்து டிவிக்கு. ரிசீவர்தான் இந்த வீட்டு மாமியார். எல்லாம் அவங்க கை வழியாத்தான் போகணும்."

"இந்த வீட்டு மாமியாருக்கு ஒண்ணும் தெரியாதே," என்றேன்.

"ஆமை மாதிரியே பேசுறீங்க!" என்று சிரித்தாள். பிறகு, ஹாலுக்குள் போனதும் போனை அணைத்துவிடுவார்கள், எதுவானாலும் அப்பாவும் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

டிவி ஸ்டாண்டைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்து, சேலையைச் செருகிக்கொண்டு பின்னால் நுழைந்தேன். அங்கே ஒரு தீபாவளி மத்தாப்புக் குச்சியும் காணாமல் போன அவருடைய மூக்குக் கண்ணாடியும் கிடந்தன. வீட்டுக்காரர் நாற்காலியில் இருந்தபடி என்னை நடத்தினார். துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று கைகாட்டுவதுதான் அவர் பார்த்த உத்தியோகம். சரக்கை இறக்க "ஆரியா", ஏற்ற "ஹாபீஸ்". நான் மேலே டிவியிலிருந்து வயரைக் கீழே விட்டால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"ஆரியா... ஆரியா... மெதுவா... ஆரியா..."

"வயர்தாங்க இது. கப்பல் இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான்ளா. நிறுத்து! இப்ப சொருகு."

பெட்டிக்குப் பின்னால் வயர் சொருகுகிற தட்டை வாய்கள் வரிசையாக இருந்தன. கையில் இருந்த இரண்டு வயரின் தலையும் ஒரே மாதிரி. கையில் கிடைத்த வாயில் கையில் கிடைத்ததைச் சொருகினேன். வெளியே வந்து பார்த்தால் டிவி கறுப்பாக இருந்தது.

"என்ன எழுதியிருக்கு, வாசி," என்றார்.

மறுபடி நுழைந்தேன். போன் வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு வாய் மட்டும் தனியாக ஒதுங்கி இருந்தது. அதற்கு மேலே ஒரு வட்டம், ஒரு கிண்ணம், ஒரு கம்பம். மற்ற வாய்களுக்கு மேலே எழுத்து வேறு.

"வட்டம், கிண்ணம், கம்பம்," என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

"அவுட்! அது வெளிய போற வழி. அதுல எதப் போட்ட?"

"லேப்டாப்ப."

"வர்றவன வெளிய போற வாசல்ல நிறுத்தி வச்சிருக்க. மாத்து, மாத்து!"

மாற்றினேன். டிவி வயரை வெளியே போகிற வாசலில், லேப்டாப் வயரை உள்ளே வருகிற வாசல் ஒன்றில். புழுதியில் தும்மிக்கொண்டே வந்து நிமிர்ந்தேன். டிவி அப்போதும் கறுப்பு. ஆனால் எனக்கு ஒரு உற்சாகம் பிடித்துக்கொண்டது. கூந்தலில் ஒட்டடை, முட்டியில் சிராய்ப்பு, காபி குடிக்கக்கூட நினைவு வரவில்லை. இதை நான் முடிக்காமல் விடமாட்டேன் என்று ஒரு வெறி.

வீட்டுக்காரர் பெட்டியோடு வந்த புத்தகத்தை ஆபீஸ் கடிதம் போல உரக்க வாசித்தார். கடைசியில் அதன் சாரம் இதுதான்: பெட்டி இன்னும் செட்டாப் பாக்ஸ் பக்கமே காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. லேப்டாப் பக்கம் திருப்பிவிட வேண்டும். அதற்கு முன்பக்கம் ஒரு குமிழ் இருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் அந்தக் குமிழ் உடைந்து, ஒரு துவாரம்தான் இருக்கிறது. சத்தம் கூட்டும் குமிழ் நன்றாக இருந்ததால் இதைப்பற்றி யாரும் கவலைப்படவில்லை. இனி ரிமோட் ஒன்றுதான் வழி.

ரிமோட்டை அலமாரி மேலிருந்து எடுத்தேன். வாங்கிய நாளிலிருந்து அது பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கிறது. அமுக்கினேன். ஒன்றும் இல்லை. உறையைக் கிழித்து அமுக்கினேன். இல்லை. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிப் போட்டேன், அலாரம் கடிகாரத்திலிருந்து இன்னொன்று. மறுபடியும் இல்லை. பெட்டியின் முகத்தில் அதே பழைய எழுத்து பச்சையாக எரிந்துகொண்டு நின்றது.

வெளியே ஒவ்வொரு வீட்டிலும் சங்கு ஊதினார்கள். அந்தி வந்துவிட்டது.

அப்போதுதான் எதிர் வீட்டு பௌதி எட்டிப் பார்த்தாள். அவள் எங்களுக்கு பௌதி, அண்ணி; நாங்கள் அவளுக்குத் தீதி, தாதா, அதாவது அக்கா, அண்ணன். லட்சுமி பூஜைக்காகப் படிக்கட்டு முழுக்க அரிசிமாவைக் கரைத்து ஆல்பனாக் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெள்ளை. எதையும் தொட முடியாது, ஆனால் வாய் சும்மா இருக்காது.

"ஓமா, தீதி! என்ன கோலம் இது? பூஜைக்கு அசுரன் மாதிரி இருக்கீங்க!"

"பெட்டி சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்குது," என்றேன் என் பெங்காலியில்.

"டைரக்டா டிவியில போட்டுடுங்களேன். எங்க வீட்டுல அப்படித்தான்."

"எங்க டிவிக்குத் தொண்டை கட்டி ரெண்டு மழைக்காலம் ஆச்சு. கொசு மாதிரிப் பேசும்."

"கொசு மாதிரி ஆமையா? ஐயோ, வேண்டாம்." அவள் உதட்டைக் கடித்து யோசித்தாள். "ரிமோட் செத்துப்போச்சா, உயிரோட இருக்கான்னு பாத்தீங்களா? போன் கேமராவத் திறந்து ரிமோட்டோட மூக்கக் காட்டுங்க. அமுக்குங்க. எங்க வீட்டு மனுஷர் அப்படித்தான் பார்ப்பார்."

போன் கேமராவைத் திறந்தேன். ரிமோட்டை அதற்கு நேரே பிடித்து அமுக்கினேன். கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சம் போனுக்குள் கத்தரிப்பூ நிறத்தில் மினுக் மினுக்கென்று அடித்தது. அமுக்கி அமுக்கிப் பார்த்தேன்.

"உயிரோட இருக்கு!" என்று மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினோம்.

"அப்போ கண்ணு தெரியாதது இதுக்குத்தான்," என்று பெட்டியைப் பார்த்தேன். ரிமோட் பேசுகிறது, பெட்டி பார்க்கவில்லை. பார்க்கிற கண் எங்கே இருக்கும்? தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அதன் முகத்துக்கு நேரே என் முகத்தைக் கொண்டுபோனேன்.

அங்கே, நட்ட நடுவில், நானே வைத்த பொட்டு.

நவமியன்று எங்கள் வீட்டில் ஆயுத பூஜை. வெளியே தாக் மேளம் அடிக்கிற சத்தத்தில் காது கிழியும், உள்ளே நான் சந்தனக் கிண்ணத்தோடு வீடு முழுக்கச் சுற்றுவேன். மிக்சி, கிரைண்டர், பிரிட்ஜ், அவருடைய வாக்கர், லேப்டாப், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். இந்தப் பெட்டி வழவழவென்று முழுக்கக் கறுப்பு. நடுவில் மட்டும் சின்னதாக வட்டக் கண்ணாடி. நெற்றி போல அழகாக இருக்கிறதே என்று விரலை அழுத்திப் பெரிய பொட்டாக வைத்திருந்தேன். வைத்த பொட்டை எங்கள் வீட்டில் துடைப்பதில்லை. அதுவாக உலர்ந்து, அதுவாக உதிர வேண்டும். நல்ல மைசூர்ச் சந்தனம், எப்படி உதிரும்?

நான் சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து பதறினார்.

"ஏளா, என்ன பண்ணப் போற? நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், குங்குமத்த அழிக்கப் போறியா?"

"உங்களுக்கா வச்சேன்? பெட்டிக்குத்தானே வச்சேன்."

"எதுக்கு வச்சாலும் குங்குமம் குங்குமம்தான். வெள்ளிக்கெழம வேற."

பௌதிக்கு அவர் சொன்ன தமிழ் புரியவில்லை. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. அவள் வாசல் நிலையில் சாய்ந்து, மாவுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி, மூச்சு முட்டச் சிரித்தாள். "தாதா, பெட்டி விதவையானா உங்களுக்கென்ன!"

எனக்கும் மனசு துணியவில்லை என்பதுதான் நிஜம். அழிக்கவும் கூடாது, விடவும் முடியாது. பிறகு பூஜை மாடத்துக்குப் போய்ச் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தேன். பெட்டியின் ஓரத்தில், கண்ணாடி இல்லாத இடமாகப் பார்த்து, முதலில் புதுப் பொட்டு வைத்தேன். அதற்குப் பிறகுதான் நடுவில் இருந்ததை ஒற்றி எடுத்தேன்.

"அழிக்கல. இடம் மாத்தியிருக்கேன்," என்றேன்.

"அது சரி. டிரான்ஸ்பர்னா தப்பில்ல," என்றார் வீட்டுக்காரர். பாதி வாழ்க்கை டிரான்ஸ்பர் பயத்தில் கழித்த மனுஷர்.

ரிமோட்டை அமுக்கினேன். டக் என்று பெட்டிக்குள் ஒரு சத்தம். பச்சை எழுத்து மாறியது. இன்னொரு தரம் அமுக்கினேன், இன்னொரு எழுத்து. அடுத்ததற்கு டிவி முழுக்க வெளிச்சம் வந்து, லேப்டாப்பில் இருந்த மலையும் ஏரியும் சுவர் அளவுக்கு விரிந்தன.

"ஹொயே கேச்சே!" என்று பௌதி கத்தினாள். ஆகிவிட்டது என்று. மாவு தெறித்து என் நெற்றியில் விழுந்தது.

ஆனால் ஆகவில்லை. வீட்டுக்காரர் எதையோ தட்டிச் சத்தம் வரவைத்தார். படம் டிவியில், சத்தம் அவர் மடியில் லேப்டாப்பிலேயே. அவருக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு விழவில்லை. படத்துக்கு ஒரு வழி காட்டினோம், சத்தத்துக்கு யாரும் வழி காட்டவில்லை, அவ்வளவுதானே?

"ஸ்பீக்கர் படம் போட்ட பட்டன் கீழ இருக்கும் பாருங்க. மருமக அதுலதான் என்னமோ பண்ணுவா."

அவர் அதைத் தட்டினார். இரண்டு பெயர் வந்தது. இரண்டும் வெறும் எழுத்தும் எண்ணும். எது எங்கள் பெட்டி? நான் பெட்டியின் மூலையில் பொடியாக எழுதியிருந்ததைத் தடவிப் பார்த்து ஒவ்வொன்றாக உருவம் சொன்னேன். "கூடாரம், நடுவுல கம்பு. அப்புறம் மலை, பள்ளம், மலை." அவர் திரையில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, "ரெண்டாவது!" என்று தட்டினார்.

ணங் என்று ஒரு ஒலி. முன்னால் இரண்டு பக்கமும், நடுவிலும், சோபாவுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும். ஊஃபர் அதிர்ந்து, காலையில் குடித்த டம்ளர் ஸ்டூலில் நடுங்கியது. எனக்குச் சத்தியமாகக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வீட்டுக்காரர் வாக்கரை ஒரு தட்டுத் தட்டினார்.

முகம் கழுவிச் சேலை மாற்றுவதற்குள் கட்டடமே வந்து உட்கார்ந்துவிட்டது. கீழ் வீட்டு ரிட்டயர்டு வாத்தியார், மேல் வீட்டுத் தம்பதி, தேங்காய் உருண்டைத் தட்டோடு நாலைந்து பெண்கள், பௌதி கை கழுவிக்கொண்டு. டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் நுழைந்துகொண்டேன். இங்கிருந்தே கேட்கும், போதும் என்று நினைத்தேன்.

பௌதி வந்து அடுப்பை அணைத்தாள். "டீ யாருக்கு வேணும்? ஆமை வேணும்," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் சோபா நடுவில் உட்கார வைத்தாள். ரிமோட் இன்னும் என் கையில் இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஏழு மணிக்குப் படம் வந்தது. முதலில் இருட்டு. மழை. வலப்பக்கத்தில் ஒரு தவளை, இடப்பக்கத்தில் அதற்குப் பதில் சொல்கிற தவளை. ஒரு வாத்துக் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு அவசர அவசரமாக ஓடுகிறது, குளத்தை மூடப்போகிறார்களாம். அப்போது எங்கள் முதுகுக்குப் பின்னால், தரையோடு தரையாக, ஒரு குரல்.

"இந்தா, எங்கே ஓடுறே? முதல்ல சாப்பிடு. சாப்பிட்டுட்டு ஓடலாம்."

பின் நாற்காலியில் இருந்த வாத்தியார் "யாரது?" என்று துள்ளித் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், வீடு அதிர்ந்தது. வாத்தியாரைப் பார்த்துச் சிரித்தார்களா, ஆமையைக் கேட்டுச் சிரித்தார்களா தெரியவில்லை. திரையில் ஆமை கரையேறி வந்தாள். சொத்தைக் கத்தரிக்காயைத் திருப்பி அனுப்புகிற அதே குரல். தடித்த, அவசரம் இல்லாத, கொஞ்சம் அதட்டலான குரல். நான் என்னவோ கீச்சென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நன்றாக இருந்தது. அதைக் கேட்டால் நானே ஓடாமல் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் வெளியே எங்கள் தெருக் கிளப்பில் நாளைய பூஜைக்கு மைக் கட்டிவிட்டார்கள். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஜன்னல் வழியாக ஒருவன் அலறினான். ஆமை வாய் அசைகிறது, கேட்கவில்லை. யாரோ ஜன்னலைச் சாத்த எழுந்தார்கள். வீட்டுக்காரர் குமிழைத் திருப்ப வாக்கரைத் தேடினார்.

நான் கையை நீட்டி, அத்தனை பேர் முன்னாலும், ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். அடுத்துப் பேச வேண்டியதும் ஆமைதான்.